மேலுமலைக்கு மேலே

அக்காவுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருடம் மூச்சிரைப்பு வந்தது. மாமா மதராஸ் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தார். கடல்காற்றின் ஈரம் அவளுக்கு ஆகாது, மேட்டுப்பாங்கான ஊராகப் பார்த்து வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் நாகரசம்பட்டி வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை. ஓசூர் போகும் வழியில் மேலுமலை ஏற்றத்தைத் தாண்டினால்தான் காற்று குளிரும். ஓசூரில் ஒரு தெலுங்குக்காரர் வீட்டுப் பின்கட்டை வாடகைக்குப் பிடித்து, துணைக்கு என்னையும் விட்டார்கள். எனக்குப் பதினேழு வயது.

வீடு பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்தது. பெங்களூருக்குக் கடல் கிடையாது. அங்குள்ள தொழிற்சாலைகளுக்கு வேண்டிய மிஷின்களெல்லாம் மதராஸில் இறங்கி, லாரியில் மலையேறி எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். தெரிந்த டிரைவரிடம் மாமா கடிதம் கொடுத்தனுப்புவார். மாதம் ஒருமுறை அந்த லாரியிலேயே வந்து, ஒரு பகல் இருந்துவிட்டுப் போவார்.

ஒருநாள் அக்கா கேட்டாள்: "இந்தப் பக்கமே ஒரு வேல பாத்துக்கினா ஆவாதா?"

"எனக்குத் தெரிஞ்சது கப்பல் வேல. இங்க கப்பலுக்கு எங்க போவன்?" என்றார் மாமா. அவள் சிரித்தாள். பிறகு வெகுநேரம் இருமினாள்.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி இறக்க ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு எழுதிப் போட்டார். மாதக்கணக்கில் பதில் இல்லை.

அந்த மார்கழிக் குளிரில் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. நாலே நாள்தான். தந்தி கிடைத்ததும் மாமா கிளம்பிவிட்டார். மேலுமலையில் பாரவண்டி ஒன்று ஏற முடியாமல் குறுக்கே நின்று வழியை அடைத்துவிட்டது. மிச்ச ஏற்றத்தை நடந்தே கடந்து, வேறு லாரி பிடித்து வந்தார். அதற்குள் அக்காவை எடுத்துவிட்டோம்.

பத்தாம் நாள், துறைமுகக் கூட்டாளி ஒருவர் டிரைவரிடம் கொடுத்தனுப்பிய கவர் வந்தது. மாமாவின் மதராஸ் விலாசத்துக்கு வந்திருந்ததை நான்தான் பிரித்தேன். பெங்களூர் வேலை கிடைத்துவிட்டது. இப்போது அவரிடம் காட்டாதே என்றாள் துக்கத்துக்கு வந்திருந்த அம்மா. எனக்கு மனசு கேட்கவில்லை, கொடுத்துவிட்டேன்.

மாமா இரண்டு தரம் படித்தார். "அவ கேட்டதுக்காவது அந்த வேலயில சேர்றன் பாப்பா" என்றார்.

சேர்ந்தார். கடைசிவரை அங்கேயே தனியாக இருந்தார். அந்தக் கவரைக் கொடுத்தது சரிதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.