மருதாத்தாள் குறித்த வாணத் தேதி

எழுபத்தேழாம் வருஷத்துக்குப் பிறகு கேரளத்துக்குள், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மீனாட்சிபுரத்தில் கல்யாணப் பேச்சு எடுத்தவர்கள் முதலில் ஜோசியரிடம் போகவில்லை, மருதாத்தாளிடம் போனார்கள். அவள் வாணம் விட ஒரு நாள் சொல்லுவாள். அந்த நாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஜோசியர் தலையைச் சொறிந்துகொண்டே அதற்குள் ஒரு முகூர்த்தத்தைத் தேடிப் பிடிப்பார். அவரும்தான் என்ன செய்வார்? வாணம் இல்லாத கல்யாணத்துக்குப் போன சனம் பாயசம் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டே திரும்பிய காலம் அது.

முறை வைக்கவே பிறந்தவள் மருதாத்தாள். வாய்க்கால் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் என்று ஆண்கள் மண்வெட்டியோடு முறைத்துக்கொண்டு நிற்கும்போது, இடுப்பில் கையை ஊன்றியபடி நடுவில் போய் நிற்பாள். "மேக்கால வயலுக்குக் காலையில, கெழக்கால வயலுக்குப் பொழுதோட. போங்க, எல்லாரும் போயிச் சோறு உண்ணுங்க" என்பாள். போய்விடுவார்கள். பிறகு வீட்டுக்குள் வந்து, அவர்கள் மீசை துடித்ததை நினைத்து நினைத்துச் சிரிப்பாள். அவளுக்குச் சிரிப்பு லேசில் வரும், லேசில் போகாது.

அவள் புருஷன் சென்னியப்பன் கோயில் நோம்பித் திருவிழாக்களுக்கு வெடிக்கட்டு என்னும் வாணவேடிக்கை போடுகிறவர். கையில் லைசன்ஸ், புருவத்தில் பாதி முடி. ஒருநாள் டீக்கடையில் யாரோ பேப்பர் படித்ததைக் கேட்டுவிட்டு, செருப்பை அங்கேயே விட்டு ஓடிவந்தார்.

"ஏம்புள்ள, சேதி தெரியுமா? அமெரிக்காக்காரன் ஆகாசக் கப்பல் ஒண்ணு கட்டறானாம். அதுக்கு ரண்டு பக்கமும் ரண்டு பெரிய வாணம். எரிஞ்சு முடிஞ்சதும் அதுக கழண்டு, கொடை பிடிச்சுட்டுக் கடல்ல வந்து எறங்குமாம். எடுத்துக் கழுவி, மருந்து கெட்டிச்சு, மறுக்காவும் உடுவானாம்!"

"கொடை பிடிச்சுட்டா?" என்று கேட்டவள், அரிசி களைந்துகொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"சிரிக்காத புள்ள. உன்ற பழைய சேலை ரண்டு வேணும்."

சிரிப்பு நின்றது. ஆனால் அன்று சாயங்காலமே, மாம்பழ நிறத்தில் பச்சைக்கரை போட்ட இரண்டு சேலைகளை அவளே எடுத்துக் கொடுத்தாள். அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

போர்வெல் போட்டவர்கள் கழித்துப்போட்ட இரும்புக் குழாயில் இரண்டு குழல்கள் செய்தார். நடுவில் பெரிய மூங்கில் வாணம். அதன் தலையில் ஒரு கூடை. குழல்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாய்த் தூக்கிக்கொண்டு போய், எரிந்து முடிந்ததும் கழன்று, சேலையை விரித்துக்கொண்டு இறங்கவேண்டும். முதல் தடவை மொத்தமும் எழும்பாமல் அறுத்த வயலில் படுத்தபடியே ஓடி, வைக்கோல் போரைச் சுற்றிவந்தது. அடுத்த தடவை எழும்பியது, சேலை விரியவில்லை. அதற்கடுத்த தடவை, ஒரு பூசணிக்காயைக் கூடையில் வைத்துக்கொண்டு, மாடுகள் எல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, கண்ணுக்கு எட்டாத உயரம் போனது. சற்றுப் பொறுத்து இரண்டு மாம்பழ நிறக் குடைகள் வானத்திலிருந்து ஆடி ஆடி வந்தன. ஊரே கையைத் தட்டியது. பூசணிக்காய் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சென்னியப்பனுக்கு மருந்து இடிக்கவே பொழுது சரியாய் இருந்தது. நாள் கொடுப்பது மருதாத்தாளின் வேலையாயிற்று. லேசான வேலையா அது? இறங்கிய குழலைத் தேடி எடுக்கவேண்டும், கரி சுரண்டவேண்டும், உள்ளே புது மண் பூசி வெயிலில் காயவைக்கவேண்டும். இருப்பதோ ஒரே ஜோடி. இந்தப் பக்கம் மாரியம்மன் நோம்பி, அந்தப் பக்கம் காதுகுத்து. எழுபத்தேழு எலெக்ஷனில் மூன்று கட்சிக்காரர்கள் ஒரே நாளில் நோட்டீஸ் தூவ வேண்டும் என்று வந்தார்கள்.

"கொழலு காயோணுமுங்க. ஈரக் கொழலுல உட்டா உங்க கட்சி மேல போகாது, பக்கவாட்டுலதான் போகும்" என்றாள். மூன்று பேரும் அவள் சொன்ன வரிசையிலேயே விட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம் காற்று. தை மாசத்துக் கிழக்குக் காற்றில் குழல் மேற்கே கேரளத்து வயலில் விழும், தொந்தரவில்லை. ஆனி ஆடியில் மேற்குக் காற்று மலைக் கணவாய்க்குள் புகுந்து வீசினால், எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டில் போய் விழும். அதனால் அந்த மாசங்களில் அவள் யாருக்கும் நாள் கொடுப்பதில்லை. எழுபத்தொன்பதில் மட்டும் உள்ளூர் அப்புசாமிக்குக் கொடுத்தாள். பாவம், மாசியிலிருந்து மூன்று தடவை அவர் முறை தள்ளிப்போயிருந்தது. மகளின் கல்யாணத்தையும் அதற்காகத் தள்ளிக்கொண்டே வந்தார். "அம்மிணி, மாப்பிள்ளை மனசு மாறிப்போயிரும் போல இருக்குதுங்க" என்று அவர் தழுதழுத்தபோது, ஆனிக் கடைசியில் ஒரு நாளைச் சொல்லிவிட்டாள்.

அந்த வாரம்தான் ஸ்கைலாப் விழப்போகிறது என்று ரேடியோ அலறியது. அமெரிக்காக்காரன் மேலே விட்ட அத்தனை பெரிய எந்திரம், எங்கே விழும் என்று அவனுக்கே தெரியாதாம். சனங்கள் கோழி ஆடெல்லாம் அடித்துத் தின்றார்கள். பேசாமலிருந்த பங்காளிகள் பேசிக்கொண்டார்கள். அப்புசாமி வெளிறிப்போய் வந்தார்.

"வாணத்தை நிறுத்திப்போடலாமுங்களா?"

"கொடுத்த நாளு கொடுத்ததுதானுங்க. ஒலகம் அழியறதுன்னா உங்க புள்ள கல்யாணம் முடிஞ்சு அழியட்டும்."

தாலி ஏறியது, வாணமும் ஏறியது. கூடையிலிருந்து பூவும் மிட்டாயும் பந்தல்மேல் கொட்டின. குழல்கள் இரண்டும் சேலையை விரித்து, காற்றைப் பிடித்து, எல்லையைத் தாண்டிப் போய்விட்டன.

மருதாத்தாளும் சென்னியப்பனும் ஒரே சைக்கிளில் துரத்தினார்கள். அங்கே ஒரு தென்னந்தோப்பைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். நடுவில் ஒரு குழல் மஞ்சள் குங்குமம் பூசி நின்றது, மற்றது அதன் காலடியில் கிடந்தது. தோப்புக்காரி முத்தாத்தாள் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஏட்டையா லத்தியை நீட்டிக் காவல் நின்றார்.

"கிட்ட வராதீங்க! ஸ்கைலாப்! டெல்லிக்குத் தந்தி போயிருக்குது."

"ஏனுங்க, அது எங்க கொழலுங்க" என்றாள் மருதாத்தாள்.

"அமெரிக்கா சாமானம்மா இது!"

"அமெரிக்காக்காரன் பச்சைக்கரைச் சேலையா கட்டுவான்? முந்தானையில பாருங்க, நான் தச்ச ஒட்டு இருக்கும்."

ஏட்டையா முந்தானையைப் பிரித்துப் பார்த்தார். ஒட்டு இருந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மருதாத்தாளுக்குத் தொற்றிக்கொண்டது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. கடைசியில் ஏட்டையாவே தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

முத்தாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. "என்ற தோப்புல விழுந்தது. நாந்தான் பூசை போட்டேன். எங்கூரு நோம்பிக்கு விட்டுட்டுத்தான் எடுத்துட்டுப் போகோணும்."

சென்னியப்பன் மனைவியின் காதில் முணுமுணுத்தார். "ஏம்புள்ள, இங்கிருந்து விட்டா இன்னும் கெழக்கதான் போகும். அங்க விழுந்தா அந்த ஊர்க்காரன் புடிச்சுக்குவான். இப்படியே போனா ஆவணிக்குள்ள உடுமலை போயிருமல்ல?"

மருதாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கிழக்கே பார்த்தாள். தென்னை ஓலைகள் எல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்து, வா வா என்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஊரைவிட்டுப் பொள்ளாச்சிச் சந்தைக்கு மேல் போனதில்லை.

"போகட்டுமுங்க. நாமளும் கூடப் போலாம். மார்கழியில கெழக்குக் காத்து திருப்பிக் கொண்டாந்துராதா?"

அப்படித்தான் போனார்கள். கறவை மாட்டை அப்புசாமி வீட்டில் விட்டுவிட்டு, மருந்து மூட்டைகளோடு ஒரு கூண்டு வண்டியில். குழல் விழுந்த ஊரில் குழல் காயும்வரை இருப்பது, அங்கிருந்து விடுவது, விழுந்த ஊருக்குப் போவது. போகிற இடமெல்லாம் ஊர்க்காரர்கள் எதிரே வந்து நாள் கேட்டார்கள். ஒரு ஊரில் சோளக்கருது சுட்டுக் கொடுத்தார்கள்; இன்னொரு ஊரில் குழல் தங்கள் தோட்டத்தில்தான் விழவேண்டும் என்று அண்ணன் தம்பிகள் மல்லுக்கட்டினார்கள். "காத்துகிட்ட போயிச் சொல்லுங்க" என்று மருதாத்தாள் வண்டிக்குள்ளிருந்து கத்தினாள்.

புரட்டாசியில் காற்று ஓய்ந்தபோது உடுமலையைத் தாண்டியிருந்தார்கள். அங்கே ஒரு தோட்டத்துச் சாளைக் குடிசையில் தங்கி மழையைக் கழித்தார்கள். கார்த்திகைக் கடைசியில் ஒரு காலைநேரம், காயப்போட்ட சேலை மேற்கே பார்த்து விறைத்து நின்றது.

"ஏனுங்க, எந்திரிங்க! காத்து திரும்பிருச்சு!" என்று சென்னியப்பனை உலுக்கினாள்.

அவர் எழுந்து வருவதற்குள், போகிற வழியில் எந்த ஊருக்கு எந்த நாள் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கியிருந்தாள்.