கூடாரத்துக்கு வந்த டேங்கர்

பஹ்ரைன் ஒரு தீவு நாடு. அதை நடந்தே கடப்பது என்று முதுகில் பெரிய பையோடு கிளம்பிய எனக்கு, இரண்டாம் நாள் காலையில் கடல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. சுற்றிலும் மணல், எண்ணெய்க் குழாய்கள், நடுவில் என் கூடாரம்.

ஒரு தண்ணீர் டேங்கர் சாலையிலிருந்து இறங்கி வந்து நிற்கிறது. டிரைவர் இந்தியில் ஊர் கேட்கிறார். சிவகங்கை என்கிறேன். அவர் ராமநாதபுரம். இன்ஜினை அணைக்காமலே இறங்கி வருகிறார்.

"எத்தனை நாளா இப்படிக் கெடக்க, தம்பி?"

"ரெண்டு நாளாண்ணே. ஊர் சுத்திப் பாக்க வந்தேன்."

"சரி சரி, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். சம்பளம் தரலையா?"

வேலையாட்களின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் கஃபீல் என்கிற முதலாளியிடமிருந்து தப்பி வந்தவன் என்றே என்னை முடிவு செய்துவிட்டார். எனக்கு இங்கே வேலையே இல்லை, ஆசைப்பட்டுத்தான் மணலில் படுக்கிறேன் என்று விளக்குகிறேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைகிறது. அவர் தன் மதியச் சாப்பாட்டுக் குபூஸ் ரொட்டியை எடுத்து வந்து என் கையில் திணிக்கிறார்.

வேறு வழியில்லாமல் பாஸ்போர்ட்டைக் காட்டுகிறேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்குகிறார். முத்திரைகளைப் பார்க்கவில்லை. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"பாஸ்போர்ட்டோடயே ஓடியாந்துட்டியா! கெட்டிக்காரன்தான்."

போய் இன்ஜினை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்கிறார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஆள் கிடையாது. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்.

"கஃபீல்கிட்டேருந்து எப்படிப்பா எடுத்த?"