தலைவர் வந்து பெயர் வைப்பார்

பத்திரப் பதிவு அலுவலகத்தின் எதிரே, வேப்பமரத்தடியில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போட்டுக்கொண்டு சகாதேவன் பத்திரம் எழுதிவந்தார். ‘இன்னார் மகன் இன்னார், இன்னார் மனைவி இன்னார்’ என்று ஒரு நாளைக்கு ஐம்பது பெயராவது அவர் கையால் எழுதப்படும். ஒரு எழுத்து பிசகினால் அரை ஏக்கர் அடுத்தவன் கைக்குப் போய்விடும் என்று வருகிறவர்களையெல்லாம் எச்சரிப்பார். பெயர் விஷயத்தில் இவ்வளவு கவனமான மனிதர், தன் மகளுக்கு ஐந்து வயதாகியும் பெயர் வைக்கவில்லை.

மறதி இல்லை. தலைவர் வந்து வைக்க வேண்டும் என்று காத்திருந்தார்.

கட்சிக்காரர்கள் வீட்டில் இது வழக்கம்தான். குழந்தையைக் கூட்ட மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், தலைவர் மைக்கில் ஒரு பெயரைச் சொல்வார், கைதட்டல் எழும், முடிந்தது. மற்றவர்கள் அவரவர் தகுதிக்கு ஏற்ப ஒன்றியச் செயலாளரையோ எம்.எல்.ஏ.வையோ பிடித்துக் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். சகாதேவன் நகர வட்டச் செயலாளர். அவர் டெல்லியில் கப்பல் துறை மந்திரியாக இருந்த தலைவரைத்தான் பிடிப்பேன் என்று உட்கார்ந்துவிட்டார். அதுவரை குழந்தை ‘பாப்பா’.

முயற்சி செய்யாமலும் இல்லை. குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது தலைவர் கீழ்பென்னாத்தூருக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விவசாயிகள் மாநாட்டுக்கு வந்தார். கூட்டத்தில் மேடையை நெருங்க முடியவில்லை. குழந்தையைத் தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள். மேடைக்குப் பத்தடி முன்னால் வேறொரு திசையிலிருந்து இன்னொரு குழந்தை முந்திக்கொண்டது. தலைவர் அதற்கு ‘வல்லரசு’ என்று பெயர் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். சகாதேவனின் குழந்தை போன வழியே திரும்பி வந்தது, நடுவில் ஏழெட்டுப் பேர் சட்டையை நனைத்துவிட்டு.

இரண்டாம் முறை ஹெலிகாப்டர் கல்லூரி மைதானத்தில் இறங்கியது. காற்று சரியில்லை என்று பதினோரு நிமிடத்தில் கிளம்பிவிட்டது. கிளப்பிய புழுதியில் குழந்தைக்கு மூன்று நாள் கண் சிவந்திருந்தது.

மூன்றாவதாக டெல்லிக்கே கடிதம் எழுதினார். ஆறு மாதம் கழித்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. ‘தங்கள் கோரிக்கை உரிய நடவடிக்கைக்காகத் துறைமுகப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று மச்சான் படித்துச் சொன்னான். சகாதேவன் அதை லாமினேட் செய்து வீட்டுச் சுவரில் மாட்டினார். துறைமுகப் பிரிவு இன்றுவரை எந்தப் பெயரையும் சிபாரிசு செய்யவில்லை.

மனைவி ரேணுகாம்பாள் இதைப் பற்றிச் சண்டை போட்டதே இல்லை என்பதில் அவருக்குப் பெருமை. “என் பொண்டாட்டிக்கும் கொள்கைப் பிடிப்பு ஜாஸ்தி” என்று மரத்தடியில் சொல்லிக்கொள்வார்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் பொங்கல் முடிந்த வாரத்தில் தலைவர் ராஜினாமா செய்தார். துறைமுகங்களுக்கு நாற்பது கிரேன் வாங்கியதாகக் கணக்கு. வந்து சேர்ந்தது பதினொன்று. மீதி இருபத்தொன்பதும் கடலிலேயே கரைந்துவிட்டனவா என்று எதிர்க்கட்சிக்காரர்கள் பாராளுமன்றத்தில் கேட்டார்கள். தலைவர் ஒரு வாரம் கோபப்பட்டார், ஒரு வாரம் மௌனமாக இருந்தார், பிறகு தார்மீகப் பொறுப்பேற்று விலகினார். அந்தக் கிரேன்களில் ஒன்றைக்கூடத் தான் நேரில் பார்த்ததில்லை என்று பேட்டியும் கொடுத்தார். அதை மட்டும் எல்லாரும் நம்பினார்கள்.

பக்கத்து மேசையில் முத்திரைத்தாள் விற்கும் ராமதாஸ் மாலைப் பத்திரிகையை நான்காக மடித்து, படம் மேலே தெரியும்படி கொண்டுவந்து வைத்தார். அவர் வேறு கட்சி.

“இன்னா சகாதேவா, உங்க ஆளு வூட்டுக்குப் போயிட்டாரு போலக்குதே.”

“சதி, ராமதாசு. வளர்றவர இப்டித்தான் கீழ தள்ளுவாங்க.”

“தள்ளட்டும், அதுக்கும் கிரேன் வேணும். நம்ம பாப்பாவுக்குப் பேரு இன்னா ஆச்சு?”

சகாதேவன் மேசைக்குக் குனிந்தார். எழுதிக்கொண்டிருந்த கிரயப் பத்திரத்தில் வாங்குகிறவர் பெயரை விற்கிறவர் இடத்தில் எழுதிவிட்டிருந்தார். இருபது வருஷத்தில் முதல் முறை.

கட்சி கொதித்தெழுந்தது. காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு தேரடியில் உண்ணாவிரதம் தொடங்கி, மதிய உணவுக்கு முன்னால் வெற்றிகரமாக முடிந்தது. அடுத்த வாரம் டெல்லியிலிருந்து வேறு மாதிரித் தகவல் வந்திருக்க வேண்டும். மாவட்ட அலுவலகத்தில் வாசலுக்கு நேராக இருந்த தலைவர் படம் உள்ளறைக்குப் போனது. அங்கிருந்து பீரோவுக்குப் பின்னால் போனது. அது இருந்த இடத்தில் சுவரில் வெளுப்பாக ஒரு கட்டம் தெரிந்தது. அதை மறைக்க ஒரு காலண்டர் மாட்டினார்கள். யாரும் தலைவரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டாம், போய்ப் பார்க்கவும் வேண்டாம் என்று மாவட்டச் செயலாளர் சொல்லிவிட்டார். இதே மாவட்டச் செயலாளர் கையில்தான் தலைவரின் பெயர் பச்சை குத்தியிருந்தது. அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார்.

ரேணுகாம்பாள் அரசியல் பேசுகிறவள் இல்லை. சோறு போடும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஜூன்ல ஸ்கூல்ல சேக்கணும். பேரு இன்னான்னு எழுதறது?”

“கேஸ் முடியட்டும். நிரபராதினு வெளிய வருவாரு. அப்ப வெச்சுக்கலாம்.”

“கேஸ் முடியறதுக்குள்ள இவளுக்குக் கல்யாணமே ஆயிடும். பத்திரிகைல இன்னா போடுவீங்க, ‘சௌபாக்கியவதி பாப்பா’னா?”

அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பெயரில்லாமல் பிறப்பைப் பதியலாம், பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற சட்டம் அவருக்கு மனப்பாடம். பள்ளிக்கூடப் பதிவேட்டுக்கு அந்தச் சட்டம் செல்லாது என்பதும் தெரியும். இப்போது தானே ஒரு பெயரை வைத்தால், ஐந்து வருஷம் எதற்குக் காத்திருந்தாய் என்று ஊர் கேட்கும். ஊர் கிடக்கட்டும். நாளைக்கு மகள் கேட்பாள்.

பங்குனி கடைசியில் தலைவர் திருவண்ணாமலைக்கு வந்தார். டெல்லியில் பதவி போனவர்கள் மலை சுற்ற வருவது புதிதில்லை. பதவியில் இருக்கும்போது அண்ணாமலையாரைப் பார்க்க அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. போன பிறகு எட்டு லிங்கத்துக்கும் தனித்தனியாக அபிஷேகம் செய்ய நேரம் இருக்கிறது. ஜோசியர் சொன்னபடி தலைவர் பதினான்கு கிலோமீட்டரும் வெறுங்காலில் நடந்தார் என்றும், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறார் என்றும் டீக்கடையில் பேச்சு.

சகாதேவன் மறுநாள் காலையில் மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டச் சொன்னார். ஒரு சால்வை வாங்கினார். மாவட்டச் செயலாளர் காதுக்குப் போனால் வட்டச் செயலாளர் பதவி போய்விடும். ஒரு ராஜினாமாவோடு இன்னொன்று சேரட்டும் என்று நினைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினார். ரேணுகாம்பாள் வாசலில் நின்று எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு உள்ளே போனாள்.

ஐந்து வருஷம் நெருங்க முடியாத தலைவரை நெருங்க இரண்டு நிமிடம் ஆனது. போலீஸ் இல்லை, வரிசை இல்லை. வரவேற்பில் இருந்த பையன் ஒரு வெள்ளைக்காரம்மாவுக்கு வெந்நீர் வராத காரணத்தை விளக்கிக்கொண்டிருந்தான். “மேல, ரெண்டாவது ரூம்” என்று தலையைத் திருப்பாமலே சொன்னான்.

தலைவர் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பக்கெட்டில் கால்களை ஊறவைத்துக்கொண்டிருந்தார். போனில் வக்கீலிடம் பேசி முடிக்கும்வரை இருவரும் நின்றார்கள். சகாதேவன் சால்வையைப் போர்த்தினார்.

“என்ன மனுவா? இப்ப என்னால ஒண்ணும் ஆகாதே தம்பி.”

“மனு இல்லீங்கய்யா. பாப்பாவுக்குப் பேரு வைக்கணும்.”

“நீ எந்தப் பத்திரிகை?”

“பத்திரிகை இல்லீங்க, பத்திரம். வட்டச் செயலாளருங்க. அஞ்சு வருஷமா உங்களுக்காக வெச்சிருக்கோம்.”

தலைவர் முகம் மெல்லத் தெளிந்தது. மூன்று மாதமாக அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் விசாரணை அதிகாரிகள். ஒரு காலை பக்கெட்டிலிருந்து எடுத்தார், தோளில் கிடந்த சால்வையை இழுத்து அதன் நுனியால் விரல் இடுக்குகளைத் துடைத்தார். பார்த்துக்கொண்டிருந்த சகாதேவன், ஞாபக மறதியாக இருக்கும் என்று தலைவர் சார்பில் தானே விளக்கம் சொல்லிக்கொண்டார்.

தலைவர் குனிந்து, எந்தக் குழந்தையிடமும் யாரும் கேட்பது போலக் கேட்டார்.

“உன் பேரு என்னம்மா?”

“தென்றல்.”

“இனிஷியல்?”

“ச. ச. தென்றல்.”

தலைவர் நிமிர்ந்தார். கண்ணில் பழைய மந்திரி திரும்ப வந்திருந்தார்.

“பேரு இருக்குதே. யார் அனுப்பினாங்க உன்னை?”

“ஐயா, எனக்கே தெரியாதுங்க.”

“பெத்த புள்ள பேரு தெரியாதா?”

“சத்தியமா தெரியாதுங்க.”

அந்தப் பதில் தலைவருக்கு எங்கோ கேட்ட மாதிரி இருந்திருக்க வேண்டும். மூன்று மாதமாக அவரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சகாதேவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முதல் தடவையாக இரக்கத்தோடு பேசினார்.

“சரி விடு. நல்ல பேருதான். அதுவே இருக்கட்டும்.” போன் அடித்தது. எடுத்துக்கொண்டார்.

ஆட்டோ கிடைக்கவில்லை. வெயிலில் மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

“யாரும்மா உனக்கு அந்தப் பேரு வெச்சது?”

“அம்மா.”

“எப்போ?”

“எப்பவுமே.”

“தெருவுல இன்னானு கூப்புடுவாங்க?”

“தென்றல்னு. நீ வந்தா மட்டும் பாப்பா.”

பால்வாடி டீச்சருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும். சொட்டு மருந்து போட வரும் நர்ஸுக்கு? தெரியும். ராமதாஸ் மாமாவுக்கு? ராமதாஸ் மாமா போன பிறந்தநாளுக்குப் பெயர் எழுதிய பென்சில் டப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறார். திருவண்ணாமலையில் இந்தத் தகவல் எட்டாத ஒரே ஆள் வட்டச் செயலாளர்தான்.

வீட்டில் ரேணுகாம்பாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் வந்து நின்றவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

“பேரு வெச்சாரா?”

“வெச்சாரு.”

“இன்னா பேரு?”

“தென்றல்.”

“நல்லாக்குது” என்றாள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “இத்தினி நாளா என்ன ஒரு முட்டாளாக்கி வெச்சிருந்தீங்க எல்லாரும்.”

“நான் ஆக்கல.” முறத்தைக் கீழே வைத்தாள். “நீங்க பேரு வெக்கறேன்னு சொல்லியிருந்தா விட்டுக் குடுத்துருப்பேன். யாரோ ஒருத்தர் வர்ற வரைக்கும் என் புள்ள பேரில்லாம இருக்கணுமா? ஆஸ்பத்திரில எழுதறதுக்குப் பேரு கேட்டாங்க. சொன்னேன்.”

“ஏன் தென்றல்?”

“அன்னிக்குப் பெரிய ஆஸ்பத்திரில கரென்ட் இல்ல. பங்குனி வெயிலு. இவ பொறந்தப்புறம் ஜன்னல்ல கொஞ்சம் காத்து வந்துச்சு. அவ்ளோதான். நீங்க அன்னிக்கு மாநாட்டுக்கு நிதி வசூல் பண்ண போயிருந்தீங்க.”

அவர் உள்ளே போய், லாமினேட் செய்த கடிதத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். ஆங்கிலம் தெரியாதவர் அவ்வளவு நேரம் அதில் என்ன படித்தார் என்று அவள் கேட்கவில்லை.

ஜூன் முதல் வாரம் பள்ளியில் சேர்க்க மூவரும் போனார்கள். தலைவர் கையாலேயே பெயர் வைத்தாகிவிட்டது என்று இதற்குள் கட்சிக்காரர்களிடம் சொல்லியிருக்கலாம். அதில் பாதி உண்மையும் இருந்தது. அவர் சொல்லவில்லை. இப்போது அந்தத் தலைவர் பெயரைச் சொன்னாலே பக்கத்து நாற்காலி காலியாகும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

தலைமையாசிரியை விண்ணப்பத்தை நீட்டினார். சகாதேவன் பேனாவைத் திறந்து, கிரயப் பத்திரம் எழுதுகிற அழகான கையெழுத்தில் ‘ச. தென்றல்’ என்று எழுதினார். ரேணுகாம்பாள் முந்தானையில் சுற்றிவைத்திருந்த பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தாள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய தேதி. அதை ஒருமுறை படித்துவிட்டு ஆசிரியையிடம் தந்தார்.

“அழகான பேரா இருக்கே. கட்சிக்காரர் ஆச்சே நீங்க, தலைவர் வெச்சதா?”

சகாதேவன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

“இல்லீங்க டீச்சர். எங்க வீட்ல வெச்சது.”