தொங்கிக்கொண்டிருந்த மாடி

பள்ளி வேன் ஓட்டும் அவளுக்கு, வாடகைக்கு விட ஒரு வீடு வேண்டுமென்பது பல வருட ஆசை. நாத்தனாரும் கூட்டுச் சேர, சந்துக்குள் ஒரு பழைய மாடி வீட்டை வாங்கியே விட்டார்கள். சாவி கைக்கு வந்ததும் இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை.

"கீழ ஒரு குடும்பம், மேல ஒரு குடும்பம். பெயின்ட் அடிச்சாப் போதும் அண்ணி!" என்றாள் நாத்தனார்.

பெயின்ட் வரைக்கும் போகவேயில்லை. ஒயர் இழுக்க வந்த எலக்ட்ரீஷியன், கூடத்து ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றினார். பொலபொலவென்று மரத்தூள் அவர் தலையில் கொட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தவர் ஏணியிலிருந்து அவசரமாக இறங்கினார். "ரெண்டு பேரும் முதல்ல வெளிய வாங்க!"

இன்ஜினியர் வந்து பார்த்தார். கூடத்தைப் பெரிதாக்க யாரோ நடுச்சுவரை இடித்திருந்தார்கள். அதற்குப் பதிலாக வைத்த மர உத்தரத்தைக் கரையான் தின்று தீர்த்திருந்தது.

"மாடி யார் செஞ்ச புண்ணியத்துலயோ நிக்குது" என்றார்.

நாத்தனாருக்குப் பேயறைந்தது போலாகிவிட்டது. "போச்சு, எல்லாம் போச்சு!"

"சும்மா இரு. சார், தூக்கி நிறுத்த முடியாதா?"

"முடியும். முட்டுக் கொடுத்து, ஜாக்கி வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கணும். அப்புறம் இரும்பு உத்தரம்."

"ஜாக்கியா?" அவள் முகம் மலர்ந்தது. "எத்தனை டயர் மாத்தியிருக்கேன்! ஒண்ணை என்கிட்ட குடுங்க சார்."

இன்ஜினியர் சிரித்துவிட்டார். ஆனாலும் மாடியைத் தூக்கிய அன்றைக்கு அவள் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, ஓர் ஓரத்து ஜாக்கியை அவளிடமே கொடுத்தார். அவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே சீராக அழுத்தினார்கள். மரம் முனகியது. திடீரென்று 'படீர்!'

"நிறுத்துங்க!"

அவள் அழுத்துவதை நிறுத்தினாள். பிடியை மட்டும் விடவில்லை. இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார். "சுவர்ப் பூச்சுதான் விட்டுருச்சு. ம், தூக்குங்க!"

இன்னும் இரண்டு அழுத்து. வெளியே நின்ற நாத்தனார் கத்தினாள்: "அண்ணி! இறுகிக் கிடந்த மாடி ஜன்னல் தானா திறந்துடுச்சு!"

பல வருடம் தொங்கிய மாடி நிமிர்ந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் இரும்பு உத்தரம் அதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. வேலை முடிந்தது என்று இன்ஜினியர் சொன்னதுதான் தாமதம், இருவரும் படியேறி ஓடினார்கள். பேரன் எடுக்கப்போகிற வயதில் இருவரும் கைகோத்துக்கொண்டு தரையில் தொம் தொம்மென்று குதித்தார்கள்.

கீழேயிருந்து எலக்ட்ரீஷியன் குரல் கொடுத்தார். "மெதுவாம்மா! நான் இன்னும் ஒயரே இழுக்கல!"