பன்னிரண்டு வரிக்கு அசைந்த விரல்

ஆயர் ஞானாபரணம் இறந்துவிட்டார் என்று மரக்காணத்திலிருந்து உபதேசியார் போன் செய்தபோது, நான் திண்டிவனத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "டீச்சர், ஐயா காலைல போயிட்டாரு. மூச்சு வாங்குதுன்னு ஒக்காந்தாரு, அவ்ளோதான்" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நிம்மதி வந்தது. அவரை நேசித்த உங்கள் முன்னால் இதை மறைத்துவிட்டு நான் வேறு என்ன எழுதினாலும் அது அஞ்சலி ஆகாது.

எபிரேயமும் கிரேக்கமும் கற்றவர். நகரத்து இறையியல் கல்லூரி வேலையை விட்டுவிட்டு, உப்பளத்து ஓரமிருந்த இந்தச் சின்னச் சபையைக் கேட்டு வாங்கி வந்தவர். உங்களுக்கு அவர் பிரசங்கியார். எனக்கு அவர் வார்த்தை எழுதுகிறவர். வேஷமும் நடிப்பும் இல்லாமல், பாடகர் குழு நின்றபடியே பாட்டால் ஒரு கதையைச் சொல்லி முடிக்கும் ஆரட்டோரியோ என்ற வகையில் தமிழில் நான்கு எழுதினார். நான்குக்கும் இசை அமைத்தவள் நான். சண்டை இல்லாத ஒத்திகை ஒன்றுகூடக் கிடையாது. "ராகத்துல என்ன வேணா பண்ணுங்க டீச்சர். வார்த்தைமேல கை வெச்சா மட்டும் எங்கிட்ட சொல்லிட்டு வைங்க" என்பார்.

எழுதிய தாளை எடுத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்கு உப்பளத்துக்குப் போவார். விடியுமுன்பே பாத்தியில் இறங்கிய பெண்கள் கஞ்சி குடிக்கக் கரையேறும் நேரம் அது. ஒருத்தியிடம் ஒரு வரியைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். "வெயில்ல நின்னவங்க மூச்சுக்குள்ள அடங்காத வரி எனக்கு வேணாம்" என்பார். அவரே பாடிக் காட்டினால் அந்தப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவ்வளவு மோசமான குரல். ஆனால் கோயிலில் நாங்கள் பாடும்போது கண்ணை மூடிக்கொண்டு, வரிக்கு ஒரு தடவை ஆள்காட்டி விரலால் முழங்காலில் தட்டுவார். அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தி பூங்காவனம். அவளுடைய ஒரே மகன், பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் ஒயர் பட்டு இறந்தான். வழக்குப் பதியாமல் உடலை வாங்க மாட்டேன் என்று அவள் பிணவறை வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். ஐயாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஜெபம் செய்யவில்லை. அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் சொந்தக்காரர்களே கையெழுத்துப் போட்டு உடலை வாங்கினார்கள். வழக்கு வரவே இல்லை. "ஸ்டேஷன்ல எழுதாதத நான் எழுதறேம்மா. எல்லார் முன்னாடியும் பாட வைக்கறேன்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தார்.

பெரிய வெள்ளிக்கான நான்காவது ஆரட்டோரியோவில், சிலுவையடியில் நின்ற தாய்க்கு அவர் பூங்காவனத்தின் பேச்சையே கொடுத்திருந்தார். பன்னிரண்டு வரி. 'ஒயர் தொங்குதுன்னு மூணு நாளா சொன்னான் எம்புள்ள' என்பது முதல் வரி. நான்தான் பாட வேண்டும். முந்தின நாள் சபைச் செயலாளர் வந்தார். அந்த உப்பளத்தை நடத்துகிறவர்தான் கோயில் கூரைக்கு உதவியவர். "ஒயர மட்டும் எடுத்துடுங்க டீச்சர், போதும்" என்றார். ஒயரை எடுத்தால் பாட்டில் ஒன்றும் மிஞ்சாது என்று எனக்குத் தெரியும். பாட்டையே எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் வயலின் மட்டும் வாசிக்கச் சொன்னேன். ஐயாவிடம் சொல்லவில்லை.

முதல் வரிசையில் ஐயா. பக்கத்தில் பூங்காவனம், யாரிடமோ இரவல் வாங்கிய பட்டுப்புடவையில். வயலின் ஆரம்பித்ததும் ஐயாவின் கண் திறந்தது. என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலைத் தட்டத் தொடங்கினார். யாரும் பாடாத பன்னிரண்டு வரிக்கும் தட்டி முடித்தார். பூங்காவனம் கடைசிவரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொண்ட கட்டிக்கிச்சா டீச்சர்?" என்று கேட்டார் வெளியே வந்ததும். "ஆமாங்க ஐயா" என்றேன். மறுநாள் செயலாளர், பாட்டை எடுத்ததற்காக அவருக்கே போய் நன்றி சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்தாவது ஆரட்டோரியோவை எழுதவும் இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, ஆக்ஸிஜன் குழாயை ஒதுக்கிவிட்டு, "அந்தப் பாட்ட என்னைக்காவது அந்தம்மா காதுல போட்டுடுங்க" என்றார். சரி என்றேன். போடவில்லை. என் பொய்யைப் பொய்யென்று தெரிந்தும் என் முகத்தைப் பார்த்துப் பேசிய மனிதர் இனி இல்லை என்பதுதான் போன் வந்தபோது எனக்குக் கிடைத்த நிம்மதி.

கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டத் தோண்ட உப்புத்தண்ணீர் ஊறியது. பக்கெட்டால் இறைத்துவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்கள். பூங்காவனம் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், காலில் உப்பு காய்ந்திருந்தது. என்னிடம் வந்து, "நல்ல மனுசன் டீச்சர். எம்புள்ளயப் பத்தி எழுதறேன்னு சொன்னாரு. அப்பறம், நான்தாம்மா எழுதாம வுட்டுட்டேன், மன்னிச்சிக்கோன்னு என் கையப் புடிச்சிக்கினு அழுதாரு" என்றாள்.

அந்தப் பாட்டை ஐயா எழுதிக்கொடுத்த தாள் ஆர்மோனியப் பெட்டியின் அடியில் கிடந்தது, அதை அன்று பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. அங்கேயே நின்று, நடந்ததைச் சொல்லிவிட்டு, பன்னிரண்டு வரியையும் படித்தேன். பாடக் குரல் வரவில்லை. அவள் கடைசிவரை கேட்டாள்.

"நான் சொன்னதுதான்" என்றாள். பிறகு, "அப்போ அவரு எதுக்கு எங்கிட்ட மன்னிப்பு கேட்டாரு?" என்றாள்.

கையை நீட்டினாள். தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அதனால் அவர் கையெழுத்து என்னிடம் இல்லை. அந்தப் பன்னிரண்டு வரி மனப்பாடமாக இருக்கிறது, அவர் கோடு போட்ட மூச்சுகளோடு. அதைவிட, நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதுதான் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது. அன்றைக்கும் பூங்காவனத்திடம் நான் நடந்ததைத்தான் சொன்னேன். மன்னிப்பு கேட்கவில்லை.