திகதி போட்ட ரயில் அட்டை

நேற்றுப் பின்னேரம் மொன்றியல் கோட்-டெ-நெய்ஜ் வீட்டுக் குசினியில் மகள் கைப்பேசியை என் மூக்கருகே நீட்டினாள். "அப்பா, ஐரோப்பா ரயில் பாஸ் எடுத்திட்டன், பாருங்கோ." கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரம் தெரிந்தது. "திகதி எங்கை எழுதுறது?" என்று கேட்டேன். அவள் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டாள். பயணம் அவளுக்கு, சந்தோசப் புளுகம் முழுக்க எனக்கு.

எங்கள் காலத்து அட்டை தடித்த காகிதம். கையில் எடுத்தாலே புதுப் பாடப்புத்தக வாசம் வரும். அதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கழிவு விலை அட்டையை விற்றார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்த பாரிஸ் சொந்தக்காரர் முழுக்காசு கட்ட, கடல் தாண்டிப் போன நாங்கள் ராசா மாதிரி ஏறி இறங்கினோம். கனடாக்காரன் என்று நெஞ்சை நிமிர்த்தியது அப்போதுதான். இங்கே பனிக்குள் பஸ்சுக்கு நிற்கும்போது அப்படியெல்லாம் தோன்றியதில்லை.

அட்டையில் சில கட்டங்கள் இருக்கும். ஏறுகிற நாளன்று ஒரு கட்டத்தில் பேனையால் திகதி எழுத வேண்டும். அன்றைக்கு எந்த ரயிலிலும் ஏறலாம், திகதியை வெட்டித் திருத்தினால் செல்லாது. நான் கெட்டிக்காரன் அல்லவா, மொன்றியலிலேயே எல்லாக் கட்டத்தையும் அழகாக நிரப்பிவிட்டேன். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவன் திரும்பும் நாளைத் தானே முடிவு செய்யலாம் என்று நம்பிய முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

பாரிஸில் சித்தி வீடு. சூரிச்சுக்குப் புறப்பட வேண்டிய காலையில் சித்தி நண்டோடு வந்து நின்றார். "நண்டு வாங்கினாப் பிறகு ஆரும் போவினமோ? நாளைக்குப் போங்கோ."

"நாளைக்கு அட்டை செல்லாது சித்தி."

"அது கடுதாசி. இது நண்டு."

ராணி, என் மனைவி, பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். சூரிச்சில் அவளுடைய ஒரே அண்ணை. இவள் பள்ளிக்கூடம் போகிற வயதில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர். உணவகக் குசினியில் வேலை, அன்றைக்கு மட்டும்தான் லீவு. மறுநாள் நாங்கள் போனாலும் முதலாளி விடமாட்டார். அவள் கண் கலங்கியதைக் கண்டதும் சித்தி உருகிவிட்டார். ஆனாலும் சமைக்காமல் விடவில்லை. காலை ரயில் போய்விட்டது. நண்டுக்கறிச் சட்டியும் புட்டும் மடியில் இருக்க, மத்தியான ரயிலில் ஏறினோம்.

அந்த ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் மேல் சிலிர்க்கிறது! எல்லையில் ரயில் மாற வேண்டும். ஒரு கையில் பெட்டி, மறுகையில் சட்டி, பின்னால் ராணி "விடாதேங்கோ, ஓடுங்கோ" என்று கத்துகிறாள். கதவு மூடும்போது உள்ளே விழுந்தோம். பரிசோதகர் அட்டையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே போனார். வெளியே மலையும் ஏரியும் விரிந்தன. ராணி ஒன்றையும் பார்க்கவில்லை. தலைவாரிக்கொண்டே இருந்தாள்.

சூரிச்சில் இறங்கினோம். அண்ணையிடம் கைப்பேசி கிடையாது. நாங்கள் பிந்தியதைச் சொல்ல வழியும் இருக்கவில்லை. மேடையில் ஒரு மனிதர் ரயிலோடு ஓடியோடி ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தார். எங்களையும் பார்த்தார், கடந்துபோனார். அவர் தேடியது இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பிள்ளையை.

"அண்ணை!" என்றாள் ராணி.

திரும்பினார். "விடியக்காலமையிலிருந்து வாற ரயிலெல்லாம் பாக்கிறன், தங்கச்சி" என்றார். மேடையில் கிடந்த மரவாங்கிலேயே உட்கார்ந்து மூவரும் நண்டைக் கடித்தோம். சுற்றி நின்ற வெள்ளைக்காரர் மணத்துக்கு விலகிப் போனார்கள். என் வாழ்நாளில் அதைப்போல ஒரு விருந்து சாப்பிட்டதில்லை.

அண்ணை இப்போது இல்லை. அவர் போன பிறகு ஒருமுறை அந்தப் பாதையால் போனோம். ரயில் சூரிச்சுக்குள் நுழைந்ததும் ராணி எழுந்துபோய், மேடையில் நிற்பவர்களுக்குத் தெரியும்படி ஜன்னலோடு முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ரயில் மறுபடி நகரும்வரை நான் அவளைக் கூப்பிடவில்லை.