மேகம் வந்ததும் பெட்டிக்குள்

என் மகள் மின்னாவின் விலை நாளொன்றுக்கு இரண்டு டாலர். பேரம் பேசி முடித்தவன் நானே. பழந்துணி விற்ற குடும்பம் எங்களுடையது. சரக்கைப் பற்றி எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வேன். இது சரக்கல்ல. நடந்தது.

1916, நியூ ஜெர்சி, ஃபோர்ட் லீ. மௌனப் படக் காலம். முழுக்க ஆறு குழந்தைகளே நடிக்கும் ஒரு துப்பறியும் சிரிப்புப் படம். ஆறு வயது மின்னாதான் துப்பறிவாளர். என் அக்கா பெர்த்தாவுக்கும் அங்கே வேலை உண்டு. சின்ன வயதுக் காய்ச்சலில் காது போனவள். உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாள். சத்தம்தான் கேட்காதே என்று நடிகர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார்கள். காது கேளாத ரசிகர்கள் அதைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்டு வறுத்தெடுப்பார்கள். அதைத் தடுக்கத்தான் அக்கா.

அன்று பிற்பகல் 2.40க்கு மேகம் மூடியது. கண்ணாடிக் கூரை போட்ட அரங்கில் வெயில்தான் விளக்கு. வேலை நின்றது. பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு, முந்தைய நாள் எடுத்ததை இருட்டறையில் ஓட்டிப் பார்த்தோம். நான், அக்கா, டைரக்டர் காப்.

டக்... டக்... டக்... படம் ஓட்டும் கருவியின் கைப்பிடி சுற்றியது.

திரையில் மின்னா பூதக்கண்ணாடியோடு தவழ்ந்தாள். சட்டென்று நின்றாள். இடப்பக்கம் பார்த்துத் தலையாட்டினாள்.

"யோவ் காப், நீ வலப்பக்கம்தானே நின்னு கத்துவே?" என்றேன்.

"ஆமாய்யா. இடப்பக்கம் வெறும் சுவரு."

மற்ற ஐந்து பிள்ளைகளும் அதே சுவரைப் பார்த்தார்கள். ஒரே நேரத்தில்.

அக்கா எழுந்து திரைக்கு அருகே போனாள். "டேய் ஜோனாஸ்... உன் பொண்ணு யாருக்கோ பதில் சொல்றாடா."

"கெட்ட வார்த்தையா? உங்கிட்ட கத்துக்கிட்டதா இருக்கும்."

என் கிண்டல் அவளுக்கு எட்டவில்லை. கண் திரையிலேயே இருந்தது.

"'சரி... நாளைக்கு மேகம் வந்ததும் பெட்டிக்குள்ள போறேன்'ங்கறா."

காப் எழுந்துவிட்டான். "நம்ம கதையிலே பெட்டியே இல்லையேய்யா..."

2.58.

ஓடினேன்.

பெட்டிகள் வைக்கும் சாமான் அறை வாசலில் பிள்ளைகள் நின்றார்கள். ஐந்து பேர்.

உள்ளே பதினோரு பெட்டிகள். எல்லாம் பூட்டியிருந்தன.

"மின்னா!"



பின்னாலேயே ஓடி வந்த அக்கா மண்டியிட்டாள். பலகைத் தரையில் உள்ளங்கையை வைத்தாள்.

"தட்டறா... இந்த மூலை... ஐயோ, நிக்குதுடா... தட்டறது நிக்குது..."

கோடரியை எடுத்தேன். ஒரு வெட்டு. இரண்டு.

மூடி பிளந்தது.

உதடு நீலம்.

மூச்சு... இருந்தது.

"யாரும்மா பூட்டினது?"

"மீசை மாமா."

"எந்த மாமா?"

"சின்ன மாமாப்பா. என் உயரம்தான்."

படத்தை அன்றே கைவிட்டோம். ஒரு வாரம் கழித்து உடுப்புக்காரி திருமதி டோலனிடம் போனேன். காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் பொய்மீசை ஒட்டுபவள் அவள். உதட்டைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டாள்.

"அன்னிக்கு ஒரு உதடு மட்டும் ஐஸ்கட்டியா இருந்துச்சுங்க. பசையே பிடிக்கலை. பிள்ளைக்குக் குளிருதுன்னு நினைச்சேன்."

மீசைக் கணக்கு நோட்டில் மேகம் வந்த நாளின் பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

ஒட்டியது ஏழு. கழற்றி வாங்கியது ஆறு.